இருபுறமும் மூக்கு

துள்ளவும் வேண்டும், உடையவும் கூடாது. இரட்டை முனை ஸ்கீ வாங்கப் புறப்படுகிறவர் இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவே பேரம் பேச வேண்டியிருக்கிறது.

குல்மார்க் கோண்டோலா நிலையத்தின் வாசலில் பனியில் குத்தி நிறுத்தியிருக்கும் ஸ்கீகளை ஒரு சுற்று பார்த்தால் போதும். அவற்றின் சொந்தக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பாதி சொல்லிவிடலாம். முன்முனை மட்டும் வளைந்து பின்முனை தட்டையாக இருந்தால், முன்னே போவதுதான் அவருடைய ஒரே வேலை. இரண்டு முனைகளுமே படகின் மூக்குபோல மேல்நோக்கி வளைந்திருந்தால் ஆசாமி வேறு ரகம். அவர் பின்னோக்கியும் சறுக்குவார், காற்றில் சுழல்வார், இரும்புக் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு போவார். குறைந்தபட்சம் அப்படியெல்லாம் செய்ய ஆசைப்படுவார்.

அந்த இரண்டாவது ரகத்துக்குப் பெயர் 'ட்வின் டிப்', அதாவது இரட்டை முனை. பனிச்சறுக்கு உலகின் முக்கிய நிறுவனங்கள் பலவும் இன்று இதைத் தயாரிக்கின்றன. விளம்பரங்களைப் படித்தால் எல்லாமே துள்ளலானவை, எல்லாமே இரும்புபோல உறுதியானவை. பார்க்கில் ஆடலாம், அதே பலகையோடு முழு மலையையும் சுற்றலாம்.

பார்க் என்றால் பூங்கா அல்ல. பனியில் எழுப்பிய விளையாட்டுக் களம். எகிறிக் குதிப்பதற்குப் பனி மேடுகள், மாடிப்படிக் கைப்பிடி போன்ற இரும்புக் கம்பிகள், நீளப் பெட்டிகள், குழாயைப் பாதியாக அறுத்துவைத்தது போன்ற 'ஹாஃப்பைப்' எல்லாம் அதில் இருக்கும். 'ஆல் மவுண்டன்' என்பது அதற்கு வெளியே உள்ள மலை முழுவதும்: இயந்திரத்தால் சீராக்கிய சரிவு, மேடு பள்ளம், மரங்களுக்கு இடையிலான சந்து, காலையில் விழுந்த புதுப்பனி.

இரண்டையும் ஒரே பலகையில் செய்ய முடியும் என்பது உண்மைதான். ஆனால் விளம்பரங்கள் சொல்லாத சமாச்சாரம் ஒன்று உண்டு. துள்ளல் என்பது பலகை வளைவதிலும் லேசாக இருப்பதிலும் இருக்கிறது. உறுதி என்பது பெரும்பாலும் கனத்தில் இருக்கிறது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று கொஞ்சம் குறையும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை வாங்குகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் தீர்மானிக்காவிட்டால் முதல் பருவத்தின் முடிவில் இரும்புக் கம்பி தீர்மானித்துவிடும்.

இந்தப் பலகையின் பிறப்பிலேயே கலகம் இருக்கிறது. 1990களின் நடுவில் கனடாவின் மோகல் பனிச்சறுக்கு வீரர்கள் சிலருக்குப் பொறுமை போய்விட்டது. மோகல் என்பது வரிசையாக அமைந்த பனி மேடுகளின் மேல் சறுக்கும் போட்டி. அதில் தலைகீழாகக் குட்டிக்கரணம் போட அன்றைய விதிகள் அனுமதிக்கவில்லை. பக்கத்திலேயே ஸ்னோபோர்டுக்காரர்கள் எந்த விதியும் இல்லாமல் பார்க்கில் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். இளைஞர்களின் கூட்டம் மொத்தமும் அவர்கள் பின்னால் போயிற்று. ஸ்கீ என்பது அப்பா அம்மாவின் விளையாட்டாகிவிட்டது.

மைக் டக்ளஸ், ஜே.பி. ஓக்லேர், ஜே.எஃப். குசன், வின்சென்ட் டோரியன், ஷேன் ஸோக்ஸ் ஆகியோர் ஸ்னோபோர்டுக்காரர்களின் வித்தைகளை ஸ்கீயில் செய்துபார்க்கத் தொடங்கினார்கள். 'நியூ கனேடியன் ஏர் ஃபோர்ஸ்' என்று பின்னாளில் பெயர் வாங்கிய கும்பல் இதுதான். வித்தை வந்தது. பலகைதான் ஒத்துழைக்கவில்லை. காற்றில் சுழன்று பின்னோக்கி இறங்கும்போது தட்டையான பின்முனை பனிக்குள் குத்திக்கொள்ளும். ஆள் குப்புற விழுவார்.

தீர்வு எளிது: பின்முனையையும் வளைத்துவிடுவது. 1970களிலேயே அப்படிப்பட்ட பலகை வந்திருந்தது, நிலைக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஜேஸன் லெவின்தால் என்ற இளைஞர் 1995இல் தொடங்கிய 'லைன்' நிறுவனம் இருமுனையும் வளைந்த குட்டைப் பலகைகளைச் செய்துகொண்டிருந்தது. டக்ளஸும் பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபியரிங்கும் முழு நீளப் பலகைக்கு ஒரு திட்டம் தயாரித்துத் தயாரிப்பாளர்களுக்கு அனுப்பினார்கள். பல கதவுகள் திறக்கவில்லை. ஃபிரான்ஸின் ஸாலமன் நிறுவனம் மட்டும் ஒப்புக்கொண்டது. 1998இல் கடைக்கு வந்த அந்தப் பலகையின் பெயர் 'டென் எய்ட்டி'. மூன்று முழுச் சுற்று, 1080 டிகிரி.

அதன்பிறகு நடந்தது வேகமான வரலாறு. 1999இல் எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் இந்தப் புது ஸ்கீ இடம்பிடித்தது. 2002இல் ஓக்லேர் உள்ளிட்ட வீரர்களே சேர்ந்து 'அர்மாடா' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2014இல் ரஷ்யாவின் ஸோச்சி ஒலிம்பிக்ஸில் ஸ்லோப்ஸ்டைல், ஹாஃப்பைப் இரண்டும் ஸ்கீ போட்டிகளாயின. அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவரான கனடா வீராங்கனை ஸாரா பர்க் அதைப் பார்க்கவில்லை. 2012 ஜனவரியில் அமெரிக்காவின் பார்க் சிட்டியில் ஹாஃப்பைப் பயிற்சியின்போது விழுந்து இறந்துபோனார். விளையாட்டுத்தனம் என்ற சொல் இந்த விளையாட்டில் எவ்வளவு எடையுள்ளது என்பதற்கு அவர் நினைவே போதும்.

வித்தைகள் பெருகியதும் ஒரு புதுப் பிரச்னை முளைத்தது. பனிக்காகச் செய்த பொருள் இரும்பின் மேலும் சில இடங்களில் கான்கிரீட்டின் மேலும் உரச ஆரம்பித்தது. பலகைகள் மடமடவென்று போயின. எங்கே போகின்றன என்பது புரிய அதன் உடலைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கீ என்பது ஒரு சாண்ட்விச். நடுவில் மரம். மரத்துக்கு மேலும் கீழும் கண்ணாடியிழை. எல்லாவற்றுக்கும் மேலே வண்ணப்படம் அச்சிட்ட மெல்லிய உறை. அடியில் பாலி எத்திலீன் பிளாஸ்டிக். அடித்தளத்தின் விளிம்பில் உருக்குப் பட்டை. மரத்தின் பக்கவாட்டை மூடிப் பிளாஸ்டிக் சுவர். இவை எல்லாவற்றையும் பசை ஊற்றி, சூட்டில் அழுத்தி ஒன்றாக்குகிறார்கள்.

முதலில் அடிபடுவது உருக்கு விளிம்பு. கம்பியின் மேல் குதித்து இறங்கும்போது உடல் எடை முழுவதும் காலுக்குக் கீழே விரல் நீள இடத்தில் இறங்குகிறது. உருக்கில் மயிரிழை விரிசல் விழுகிறது. விரிசல் விழுந்த விளிம்பு அடுத்தடுத்த அடிகளில் வெளியே பிதுங்குகிறது. அந்த வழியாகத் தண்ணீர் மரத்துக்குள் போகிறது. மரம் ஊறி, பசை விட்டு, அடுக்குகள் பிரிகின்றன. பார்வைக்கு நன்றாக இருக்கும் பலகை ஒருநாள் வாழைமட்டைபோலப் பிளந்துகொள்கிறது.

சாதாரண ஸ்கீயின் உருக்கு விளிம்பு சுமார் 2 மில்லிமீட்டர். பார்க்குக்கென்றே உறுதியாகச் செய்தவற்றில் 2.5 மில்லிமீட்டர்வரை இருக்கும். அரை மில்லிமீட்டர்தானே என்று அலட்சியம் கூடாது. அது கால் பங்கு கூடுதல் உருக்கு. விரிசலைத் தள்ளிப்போடும் என்பதோடு, பலமுறை சாணை பிடிக்கவும் இடம் கொடுக்கும். அடித்தளமும் அப்படித்தான். வழக்கமான தடிமன் 1.2 அல்லது 1.3 மில்லிமீட்டர். உறுதியானவற்றில் 1.8, சில சமயம் 2 மில்லிமீட்டர். பனிக்கடியில் ஒளிந்திருக்கும் கல் கீறும்போது, கீறல் மரத்தைத் தொடுகிறதா இல்லையா என்பதை அந்தச் சிறு வித்தியாசம்தான் முடிவுசெய்கிறது.

அடித்தளப் பிளாஸ்டிக்கிலும் இரண்டு ரகம். பிளாஸ்டிக்கை உருக்கிப் பிதுக்கிச் செய்வது 'எக்ஸ்ட்ரூடட்'. விலை மலிவு, கீறல் விழுந்தால் அடைப்பதும் சுலபம். ஆனால் மெழுகை அதிகம் உறிஞ்சாது. பிளாஸ்டிக் பொடியை அழுத்திச் சூடேற்றிச் செய்வது 'ஸின்டர்ட்'. கடினமானது, மெழுகைக் குடித்து வேகமாக ஓடும். ஒழுங்காக மெழுகு போடச் சோம்பல்படுகிறவருக்கு அதனால் பெரிய லாபமில்லை.

மரத்தில் இருக்கிறது சூட்சுமம். பவுலோனியா லேசான மரம். அதை நிறையச் சேர்த்தால் பலகை கையில் இறகாக இருக்கும், காற்றில் சுழற்றுவதும் எளிது. ஆனால் அடி தாங்குவதில் மேப்பிள், ஆஷ் போன்ற கனமரங்களுக்கு அது ஈடாகாது. நடுத்தர வழி பாப்ளர், ஆஸ்பென். அமெரிக்காவின் போர்ட்லண்டில் உள்ள 'ஓஎன்3பி' என்ற சிறிய நிறுவனம் மூங்கிலை வைத்தே பெயர் வாங்கியது. தடித்த விளிம்பு, தடித்த அடித்தளம், கூடவே மூங்கில். எடை கூடும் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட கட்டுமானம் இது. நல்ல கடைக்காரரிடம் ஒரு ஸ்கீயின் எடையைக் கேட்டால் அதன் ஆயுளைப் பற்றியும் பாதி பதில் கிடைத்துவிடும்.

பக்கச் சுவரையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேலுறையே வளைந்து விளிம்புவரை இறங்கும் 'கேப்' கட்டுமானம் லேசானது. நிமிர்ந்த தனிச்சுவர் கொண்ட சாண்ட்விச் கட்டுமானம் பக்கவாட்டு அடியை அதிகம் தாங்கும், பழுது பார்ப்பதும் எளிது. பார்க்கில் காலம் கழிக்கிறவருக்கு, குறைந்தது காலுக்குக் கீழாவது நிமிர்ந்த சுவர் நல்லது.

இனி துள்ளல். கடையில் பலகையை நிறுத்தி, நடுவைப் பிடித்து முனையை வளைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்யும் சடங்கு. அதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு முனைகளும் இளகியிருந்தால், முனையை மட்டும் பனியில் அழுத்திச் சுழலும் 'பட்டர்' வித்தைகள் சுலபமாக வரும். ரொட்டியில் வெண்ணெய் தடவும் கத்திபோலப் பலகை வழுக்குவதால் அந்தப் பெயர். ஆனால் நடுப்பகுதியும் தொளதொளவென்று இருந்தால் பெரிய குதிப்பிலிருந்து இறங்கும்போது பலகை அமுங்கிப்போகும், கரடுமுரடான சரிவில் வேகமாகப் போனால் படபடக்கும். பார்க்கும் வேண்டும், மலையும் வேண்டும் என்பவருக்கு ஏற்றது முனைகள் இளகி, கால் வைக்கும் நடுப்பகுதி விறைத்த ரகம்.

பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். நடுப்பகுதி வில்போலத் தரையைவிட்டு எழும்பியிருந்தால் அது 'கேம்பர்'. அழுத்தினால் திருப்பி உதைக்கும். கெட்டியான பனியில் பிடிப்பும் கிடைக்கும். முனைகள் முன்கூட்டியே தரையைவிட்டு எழும்பத் தொடங்கினால் அது 'ராக்கர்'. புதுப்பனியில் மிதக்கும், திரும்புவது எளிது. இன்றைய இரட்டை முனைகளில் பல, நடுவில் கேம்பரும் இருபுறமும் ராக்கரும் கலந்தவை.

அகலத்தைக் காலுக்குக் கீழே அளக்கிறார்கள். பார்க்கைவிட்டு வெளியே வராதவருக்கு 80 முதல் 90 மில்லிமீட்டர் போதும். இரண்டும் வேண்டுமென்றால் 90இலிருந்து 105வரை. கே2 நிறுவனத்தின் 'போச்சர்' 96 மில்லிமீட்டர், அர்மாடாவின் 'எடோலோ' 98 மில்லிமீட்டர், லைனின் 'பிளெண்ட்' 100 மில்லிமீட்டர் என்று பிரபலமான பெயர்கள் பலவும் இந்த இடைவெளிக்குள் வந்து நிற்பது தற்செயல் அல்ல. 105க்கு மேல் போனால் ஆழமான புதுப்பனியில் சுகம், கெட்டிப் பனியில் ஓரம் மாற்றுவதில் தாமதம்.

நீளத்தில் பழைய விதி: பார்க்குக்கு மட்டுமென்றால் மோவாய்க்கும் நெற்றிக்கும் இடையில், முழு மலைக்கும் என்றால் உச்சந்தலை அளவில். இரட்டை முனையில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. இருபுறமும் வளைந்திருப்பதால் பனியைத் தொடும் நீளம் அளவுநாடா சொல்வதைவிடக் குறைவு. எனவே வழக்கமான பலகையைவிடச் சில சென்டிமீட்டர் நீளமாக எடுப்பது தவறாகாது.

கடையில் அதிகம் கேட்கப்படாத கேள்வி, காலணியைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கை எங்கே பொருத்துவது என்பது. பலகையின் நட்டநடுவில் பொருத்தினால் முன்னும் பின்னும் ஒரே எடை. சுழல்வதும் பின்னோக்கிப் போவதும் சுலபம். ஆனால் புதுப்பனியில் மூக்கு மூழ்கும். பந்தய பாணிப் பலகைகளில் இது நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் அளவுக்குப் பின்னால் இருக்கும். பார்க்கையும் மலையையும் பங்கு போடுகிறவர்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டருக்குள் ஒரு புள்ளியில் சமாதானம் ஆகிறார்கள். யோசித்துத் துளை போடுவது நல்லது. துளைக்குப் பக்கத்தில் துளை போட்டுக்கொண்டே போனால் மரம் பலமிழக்கும்.

பைண்டிங்கின் விடுவிப்பு அளவு அதைவிடப் பெரிய விஷயம். விழும்போது கால் முறியுமா, பலகை கழன்றுகொள்ளுமா என்பதை அந்தச் சிறிய எண்தான் தீர்மானிக்கிறது. எடை, உயரம், வயது, காலணியின் அடி நீளம், சறுக்கும் பாணி எல்லாவற்றையும் அட்டவணையில் பார்த்துப் பயிற்சிபெற்ற தொழிலாளி வைக்க வேண்டிய எண் அது. நண்பர் வைத்திருக்கிறார் என்று அதே எண்ணைத் தானும் வைத்துக்கொள்வது வீரமல்ல.

இந்தக் கணக்குகள் எல்லாம் அமெரிக்க, ஐரோப்பிய மலைகளை மனதில் வைத்துப் போட்டவை. இந்தியாவில் விடை கொஞ்சம் மாறும். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1998இல் முதல் கட்டமும் 2005இல் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்ட கோண்டோலா, அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர்வரை கொண்டுபோகிறது. அங்கு வெளிநாட்டுக்காரர்களை இழுப்பது இரும்புக் கம்பிகள் அல்ல, சீராக்காத சரிவுகளில் விழும் தூள்பனி. ஆகவே 80 மில்லிமீட்டர் பார்க் பலகை அங்கே அவ்வளவாகப் பயன்படாது. 100ஐ ஒட்டிய அகலமும் முனைகளில் நல்ல ராக்கரும் கொண்டதே நியாயமான தேர்வு.

ஆனால் அந்தத் தூள்பனி இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் வாரக்கணக்கில் பழுப்பு நிறமாகவே கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளின் குல்மார்க் பகுதி, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. மெல்லிய பனிக்கடியில் கல்லும் வேரும் காத்திருக்கும். அங்கே கம்பி செய்யும் வேலையைக் கல் செய்கிறது. பார்க்குக்கென்று கண்டுபிடித்த தடித்த விளிம்பும் தடித்த அடித்தளமும் பார்க்கே போகாத குல்மார்க்காரருக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் ஒரே வீரராகப் போய்ச் சறுக்கியது வேறு வகைப் பலகையில். அது உலோகத் தகடு பதித்த, விறைத்த, முன்னே மட்டும் போகும் பந்தயப் பலகை. அவரைப் பார்த்து ஆசைப்படும் சிறுவன் ஆசைப்பட்டதற்காகவே அதே வகையை வாங்கினால் மலை முழுக்கச் சுற்ற முடியாது.

செலவும் சின்னதல்ல. அமெரிக்காவில் புது ஜோடி பொதுவாக 500 முதல் 900 டாலர். பல சமயம் பைண்டிங் தனி. இந்தியாவுக்கு வந்துசேர வரியும் சரக்குக் கூலியும் சேரும். கம்பியில் அடித்து விளிம்பு போனால் உத்தரவாதம் பெரும்பாலும் கைகொடுக்காது, அது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். எனவே முதல் பருவத்தில் வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று அகலங்களை ஓட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பழைய ஜோடி வாங்குவதும் கௌரவக் குறைச்சல் அல்ல, கண் கூர்மையாக இருந்தால். காலுக்குக் கீழே உருக்கு விளிம்பில் நகத்தை ஓட்டினால் விரிசல் தட்டுப்படும். அடித்தளத்தில் கீறல் பரவாயில்லை, மரம் தெரிந்தால் யோசிக்க வேண்டும். எத்தனை முறை துளை போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். இரண்டு பலகைகளின் அடியையும் ஒட்டிவைத்துப் பார்த்தால் ஒன்று வளைந்துபோயிருப்பது தெரிந்துவிடும். பின்முனையை முக்கியமாகப் பார்க்க வேண்டும். சிமெண்ட் தரையில் குத்தி நிறுத்தியே பல பலகைகள் அங்கே பிளக்கின்றன.

வாங்கியபின் ஆயுளைக் கூட்டும் வேலைகளும் உண்டு. கம்பியில் வழுக்குகிறவர்கள் காலுக்குக் கீழே விளிம்பின் கூர்மையை அரம் வைத்து மழுக்குவார்கள். கூர் இருந்தால் கம்பியில் மாட்டிக்கொண்டு ஆளையும் சாய்க்கும், உருக்கையும் பிய்க்கும். ஆனால் மழுக்கிய விளிம்பு மறுநாள் காலை கெட்டிப் பனியில் பிடிக்காது. அங்கும் அதே பேரம்தான். சறுக்கி முடித்ததும் துடைத்து உலர்த்துவதும், அடித்தளத்தில் விழுந்த ஓட்டையைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி அன்றே அடைப்பதும் காசில்லாத காப்பீடு.

எந்தப் பலகையாலும் தர முடியாத காப்பீடு ஒன்றும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அஃபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். டென் எய்ட்டியின் பிறப்பில் பங்குகொண்ட ஓக்லேரும் 2014இல் தென் அமெரிக்காவில் பனிச்சரிவில்தான் உயிரிழந்தார். அகலமான பலகை காலை மிதக்க வைக்கும், மலையை நிறுத்திவைக்காது. எல்லைக் கயிற்றைத் தாண்டுகிறவர் பலகைக்குக் கொடுத்த கவனத்தை அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கைக்கும் கொடுக்க வேண்டும்.

ஆகக்கூடி, கடைக்குள் நுழையும் முன்பு தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்விதான்: பத்து நாள் மலைக்குப் போனால் அதில் எத்தனை நாள் பார்க்கில்? ஏழெட்டு என்றால் எடையைப் பொறுத்துக்கொண்டு உருக்கையும் கனமரத்தையும் வாங்கலாம். இரண்டு மூன்று என்றால் கொஞ்சம் அகலமும் நடுவில் விறைப்பும். ஒன்றுகூட இல்லை, ஆனாலும் அந்த வளைந்த பின்முனை பிடித்திருக்கிறது என்றால் அதிலும் தப்பில்லை. அப்போது தடித்த அடித்தளத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். ஆசைக்கு வாங்கியதாக இருந்தாலும் கல் தயவு காட்டாது.